மரச்சீனித் தேர்வில் வேர்ப்படமும் மரபணுத் தரவும்: எது உதவும், எங்கே இடிக்கும்?

விளவங்கோடு_விளை

குமரி மேற்கிலும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கமும் ஒரு புது மரச்சீனி (மரவள்ளி) ரகத்திடம் கேட்பது மூன்றுதான். தேமல் என்ற வைரஸ் நோய் தாங்கணும். அவித்தால் எம்-4 என்ற பழைய ரகம் மாதிரி மாவு பூத்து வரணும். வயலில் நெல்லுக்குப் பின்னால் நட்டால் ஆறேழு மாதத்தில் பிடுங்கத் தோதாகணும். எச்-165, எச்-226 இரண்டும் 1971-இல் வந்தவை. மாவு ஆலைக்குச் சரி, ஊர்ச்சந்தையில் எம்-4 பக்கத்தில் வைக்க முடியாது. ஸ்ரீ பத்மநாபா நோய் தாங்கும். மூன்று குணமும் ஒரே கம்பில் சேர்வதுதான் பாடு.

ஒரு கலப்புக் கூட்டத்தில் 200 குளோன் (ஒரே செடியின் கம்பிலிருந்து பெருக்கிய வரிசை), குளோனுக்கு 6 மூடு (செடி) என்று வைத்துக்கொள்வோம். பிடுங்கும் நாளில் கிழங்குகளைப் படம் எடுத்து மென்பொருளில் அளந்து, இலையிலிருந்து டிஎன்ஏ எடுத்து மார்க்கர் (டிஎன்ஏவில் செடிக்குச் செடி மாறும் அடையாள இடம்) தரவோடு சேர்த்தால் அடுத்த தலைமுறைத் தேர்வை வேகப்படுத்தலாம் என்கிறார்கள். 2012-இல் கார்னெல் பல்கலைக்கழகமும் நைஜீரியா, உகாண்டா நிலையங்களும் மரபணுத்தொகைத் தேர்வை (எல்லா மார்க்கரையும் சேர்த்துச் செடியின் மதிப்பைக் கணித்துத் தேர்வது) மரச்சீனியில் நடத்தத் தொடங்கின. நம்ம செம்மண்ணிலும் இரட்டை மழையிலும் இது எங்கே தட்டும்? பொதுவாக வேண்டாம், அளவோடு சொல்லுங்கள்.

படவேர்

படத்திலிருந்து தொடங்குகிறேன். கேமரா எது என்பது கடைசிக் கேள்வி. பின்னணி, வெளிச்சம், உயரம் இந்த மூன்றும்தான் முதலில்.

பின்னணிக்குப் பளபளப்பில்லாத நீலம். கறுப்பு வைத்தால் ஈர மண் ஒட்டிய தோலும் நிழலும் பின்னணியோடு கரைந்துவிடும். வெள்ளை வைத்தால் உடைந்த முனையும் தோல் உரிந்த இடமும் காணாமல் போகும். நீலத்துக்கு எதிரே பழுப்பு, சிவப்பு, வெள்ளைச் சதை எல்லாமே பிரிந்து நிற்கும். மென்பொருளில் லாப் நிறவெளிக்கு (வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனி அச்சாகப் பிரிக்கும் கணக்கு) மாற்றி, நீலம்-மஞ்சள் அச்சில் மட்டும் வெட்டுவரம்பு போட்டால் பெரும்பாலான படம் ஒரே வெட்டில் பிரிந்துவிடும்.

வெளிச்சத்தில் பலரும் சறுக்குவது பந்தலில். வெயில் நிழலுக்கு நீலத் தார்ப்பாய் கட்டினால் கிழங்கு மேலேயே நீலம் இறங்கி அந்த வெட்டுவரம்பு குழம்பும். வெள்ளைத் துணிப் பந்தல் போதும். கிழங்கைக் கழுவியதும் எடுக்கவேண்டாம். ஈரத்தோல் மினுங்கும், அந்த மினுக்கம் ஓட்டையாக எண்ணப்படும். 10, 15 நிமிடம் காற்றாட விட்டால் சரியாகும்.

உயரம்: கேமராவை ஒரு கம்பிச் சட்டத்தில் 1.5 மீட்டரில் நேர்செங்குத்தாகப் பூட்டுங்கள். கையில் பிடித்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சாய்வு. படப்பரப்பு 120 செ.மீ. அகலம், படம் 4000 பிக்செல் என்றால் ஒரு பிக்செல் 0.3 மி.மீ. கிழங்கின் நீளம், விட்டத்துக்கு இது தாராளம். நார்வேருக்குப் போதாது, நார்வேரை இந்த ஏற்பாட்டில் தொடவே வேண்டாம்.

அளவுகோல் அட்டையைப் பலகையில் தட்டையாக வைப்பது எல்லாரும் செய்வது. ஆனால் 8 செ.மீ. தடிமன் கிழங்கின் நடு உயரம் பலகையிலிருந்து 4 செ.மீ. மேலே இருக்கிறது. 150-க்கு 4, அதாவது நீளத்தில் சுமார் 2.7 சதவீதம் கூடுதலாகக் காட்டும். கன அளவாக மாற்றினால் 8 சதவீதத்துக்குப் போகும். அதுவும் தடித்த கிழங்குக்கு அதிகம், மெலிந்ததுக்குக் குறைவு, ஆகவே குளோன்களுக்கிடையே ஒரு பொய் வித்தியாசம் முளைக்கும். அளவுகோலை 4 செ.மீ. மரக்கட்டை மேல் ஏற்றி வையுங்கள், அவ்வளவுதான்.

செங்கோட்டை_சீனி

தராசு கையில் இருக்கும்போது கேமரா எதுக்கு? மூடுக்கு எத்தனை கிலோ என்று எழுதினால் போதாதா? ஆண்டாண்டாக ரகம் வந்தது தராசை வைத்துத்தான்.

படவேர்

அண்ணாச்சி, எடை போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. எடை என்பது எண்ணிக்கை, பருமன் இரண்டின் பெருக்கல். ஒரு குளோன் மூடுக்கு 12 கிழங்கு, ஒவ்வொன்றும் 250 கிராம். இன்னொன்று 5 கிழங்கு, 600 கிராம். தராசில் இரண்டும் 3 கிலோ. சந்தையில் முதலாவதில் பாதி கழிவு. சிப்ஸ் போடுகிறவர் அதைத் தொடவே மாட்டார்.

மரபு ரீதியாகவும் இவை வேறு வேறு. மூட்டில் எத்தனை வேர் கிழங்காகும் என்பது நட்ட முதல் இரண்டு மூன்று மாதத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. பிறகு நடப்பது பருத்தல் மட்டும்: கேம்பியம் உள்நோக்கி மெல்லிய செல்களைப் போட்டுக்கொண்டே போக, அதில் மாவு நிறையும். முதலாவதை ஆளும் மரபணுவும் இரண்டாவதை ஆளுவதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டையும் ஒரே எண்ணாக்கி மார்க்கரோடு பொருத்தினால் ஒன்றின் சைகை மற்றதன் இரைச்சலில் அமுங்கும். பிரித்துக் கொடுத்தால் இரண்டுக்கும் தனித்தனிச் சைகை கிடைக்க வாய்ப்புண்டு.

படத்திலிருந்து நம்பி எடுக்கக்கூடியவை: கிழங்கு எண்ணிக்கை, நீளம், நடுவிட்டம், நீளத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம், கூம்பலா உருளையா என்பது, கழுத்து நீளம், வெளித்தோல் நிறம். கன அளவும் எடுக்கலாம். கிழங்கின் நடுக்கோட்டை நெடுக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் வட்டத்தட்டாக நினைத்துக் கூட்டுவது. கிழங்கு தட்டையாக இருந்தால் இது பிசகும். ஆகையால் 30 கிழங்கையாவது தண்ணீரில் முக்கி உண்மைக் கன அளவைப் பார்த்து ஒரு திருத்தக்கோடு போட்டுக்கொள்ளணும்.

விளவங்கோடு_விளை

எந்த மென்பொருள்?

படவேர்

தனித்தனியாகப் பரப்பி வைத்த கிழங்குக்கு இமேஜ்-ஜே போதும், ஒரு மேக்ரோ எழுதினால் 1000 படம் ஒரு ராத்திரியில் ஓடும். மூட்டோடு பிடுங்கிய வேர்க்கொத்தை அப்படியே படம் எடுப்பதாக இருந்தால் டர்ட், ரைசோவிஷன் எக்ஸ்ப்ளோரர் என்ற இரண்டு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கொத்துப்படத்தில் வேர்க்கோணம், பரவல் அகலம் கிடைக்கும். ஆனால் முன்னால் நிற்கும் கிழங்கு பின்னால் இருப்பதை மறைப்பதால் எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே வரும். சுற்றிலும் பல படம் எடுத்து முப்பரிமாணமாக்கினால் இது தீரும், ஆனால் மூடுக்கு ஆகும் நேரம் பல மடங்கு. 200 குளோனுக்கு நான் பரப்பி வைத்து எடுப்பதைத்தான் சொல்வேன்.

ஒரே ஒரு விதி: ஒன்றோடொன்று தொடக்கூடாது. தொட்டால் ஒன்றாக எண்ணும். மென்பொருளில் பிரிக்க முடியும், ஆனால் இடுப்பு ஒடுங்கிய ஒற்றைக் கிழங்கையும் அது இரண்டாக வெட்டும். பலகையில் வைக்கிற கைதான் இதற்கு மருந்து.

குலசேகரம்_கம்பு

படவேர் அண்ணே, பிடுங்காமலே பார்க்கிற ரேடார் இருக்கிறதே, அதை ஏன் சொல்லவில்லை? மாதாமாதம் ஓட்டினால் எது சீக்கிரம் பருக்கிறது என்று தெரியுமே. ஆறுமாத ரகத்துக்கு அதுதானே வேணும்?

படவேர்

தரையூடுருவும் ரேடாரை மரச்சீனியில் சோதித்திருக்கிறார்கள், 2017-இல் வந்த ஆய்வொன்று பருக்கும் வேகத்தை அதனால் மதிப்பிடலாம் என்று காட்டியது. கொள்கை எளிது: கிழங்கில் தண்ணீர் அதிகம், சுற்றிலும் உலர்ந்த மண், இரண்டின் மின்காப்பு எண்ணும் (ரேடார் அலை அதில் எவ்வளவு மெதுவாகப் போகும் என்பதைக் காட்டும் எண்) தூரத்தில் நிற்பதால் அலை திரும்பி வரும். உலர்ந்த மணலின் மின்காப்பு எண் 3 முதல் 5, ஈரமண் 15 முதல் 30, தண்ணீர் 80.

இப்போது நம்ம ஊரை எடுத்துக்கோ தம்பி. மழைக்குப் பின் மண்ணே 25-ஐத் தொட்டால் கிழங்குக்கும் மண்ணுக்கும் வித்தியாசம் சுருங்கிவிடும். களி கலந்த ஈரமண் அலையைத் தின்னும் வேறு. அடுத்து, லேட்டரைட் கூழாங்கல். ரேடாருக்கு 6 செ.மீ. கல்லும் 6 செ.மீ. கிழங்கும் ஒரே மாதிரிப் புள்ளிதான். இரண்டு மழைக்காலம் உள்ள இடத்தில் மாதாமாதம் ஒரே ஈரத்தில் ஓட்டுவது நடக்காத காரியம். ஈரம் மாறினால் அலைவேகம் மாறும், ஆழக் கணக்கும் மாறும். 1 கிகாஹெர்ட்ஸ் அலை, மண்ணின் எண் 9 என்றால் மண்ணுக்குள் அலைநீளம் 10 செ.மீ.; அதில் கால்பங்கு, 2.5 செ.மீ. வரை பிரித்துக் காட்டும். மூன்றாம் மாதத்து விரல் தடிமன் வேர் அதற்கும் கீழே.

தேரிமணல் மாதிரி இடத்தில், கோடையில் ஓட்டலாம். கல்லடர்ந்த விளையில் காசு வீண். ஆறுமாத ரகம் வேணும் என்றால் ஒரே குளோனில் கூடுதல் மூடு நட்டு மூன்றாம், ஐந்தாம், ஏழாம் மாதம் இரண்டிரண்டாகப் பிடுங்கிப் படம் எடுப்பது மலிவு, நம்பகமும் கூட.

செங்கோட்டை_சீனி

சரி, படத்தைப் பற்றிச் சொல்லியாச்சு. வயலைப் பற்றி யாரும் வாயே திறக்கல்லியே. மார்க்கர்காரர்களுக்கு எல்லா மூடும் ஒரே கம்பிலிருந்து வந்தது என்ற நினைப்பு.

கம்பு: அடித்தண்டுக் கம்பும் நுனிக்கம்பும் கலந்து நட்டால் ஒரே குளோனுக்குள்ளேயே வேர் எண்ணிக்கை மாறும். நடுத்தண்டிலிருந்து மட்டும், 15 முதல் 20 செ.மீ., ஒரே தடிமன். கீழ்முனை வட்டமாகச் சமமாக வெட்டணும். சரிவாகக் கொத்தினால் வேர் ஒரு பக்கமாகக் கூடும், படத்தில் அது அந்தக் குளோனின் குணம் மாதிரித் தெரியும். குணம் ஒண்ணுமில்லை, வெட்டுக்கத்தியின் கோணம். நிறுத்தித்தான் நடணும், 5 செ.மீ. ஆழம். சில வரிசை நிறுத்தி, சில வரிசை சாய்த்து என்றால் படமெல்லாம் குப்பை.

இடைவெளி: கிளைக்கிற குளோனும் கிளைக்காததும் பக்கத்துப் பக்கத்தில் ஒற்றை வரிசையாக நின்றால் குட்டையானது நிழலில் மாட்டும். 90-க்கு 90 செ.மீ. வைத்தாலும் இது போகாது. குறைந்தது ஓரத்து மூடு இரண்டையும் விட்டுவிட்டு நடு நாலை மட்டும் அளக்கணும். பட்டுப்போன மூட்டுக்குப் பக்கத்து மூடு இடம் கிடைத்துக் கொழுக்கும். அதையும் விலக்கணும், இல்லாவிட்டால் நின்ற மூடு எண்ணிக்கையைத் தனிப் பத்தியாக எழுதி கணக்கில் கொடுக்கணும்.

நோய்: இதுதான் பெருசு. தேமல் பிடித்த கம்பில் வேர் மெலியும், எண்ணிக்கை குறையும். 200 குளோனில் சிலது நோய்க்கம்பு, சிலது சுத்தம் என்றால் நீங்க அளப்பது மரபையா, வைரஸையா? முளைத்த முதல் இலையிலேயே தேமல் இருந்தால் கம்பு வழி வந்தது. கீழிலை சுத்தமாக இருந்து மேலே தேமல் வந்தால் வெள்ளை ஈ கொண்டுவந்தது. இரண்டையும் பிரித்து எழுதுங்க. 1 முதல் 5 வரை மதிப்பெண், ஒண்ணாம், மூணாம், ஆறாம் மாதம்.

விளவங்கோடு_விளை

அண்ணாச்சி சொன்னதில் ஒரு கேள்வி. நோய் மதிப்பெண்ணைக் கணக்கில் இணைமாறியாக (அதன் பாதிப்பைக் கழிக்கச் சேர்க்கும் எண்ணாக) போட்டால் நோய் தாங்கும் மரபின் நன்மையையே கழித்துவிடாதா?

கப்பைக்கணக்கு

கழித்துவிடும். ஆகவே கேள்வியைப் பொறுத்து. "நோய் இல்லாத நிலையில் எது நல்ல கிழங்கு" என்று வேண்டுமானால் இணைமாறியாகப் போடுங்கள். "நம் வயலில் எது நின்று விளையும்" என்று வேண்டுமானால் போடாதீர்கள். ஆனால் கம்பு வழி நோயை மட்டும் நீக்குங்கள், ஏனென்றால் அது குளோனின் குற்றமில்லை, கம்பு எடுத்த தோட்டத்தின் வரலாறு. எல்லாக் குளோனையும் ஒரு பருவம் ஒரே இடத்தில் பெருக்கி, நோய்ச்செடியைப் பிடுங்கி எறிந்து, அதிலிருந்து சோதனைக்குக் கம்பு எடுப்பதுதான் சரி.

இனி எண்ணுக்கு வருகிறேன். படம் எத்தனை துல்லியமாக இருந்தாலும் சரி, மார்க்கர் வேலை செய்வது மரபுவழித்திறன் (மொத்த வித்தியாசத்தில் மரபால் வரும் பங்கு) மேல்தான். விளக்கத்துக்காக ஒரு கணக்கு: மரபு மாறுபாடு 4, மரபு-சூழல் இடைவினை (இடத்துக்கு இடம் குளோன்களின் வரிசை மாறுவது) 2, மிச்சப் பிழை 10. ஒரே இடம், ஒரே மறுநடவு (எல்லாக் குளோனும் ஒருமுறை நிற்கும் தொகுதி) என்றால் 4-ஐ 16-ஆல் வகுக்க 0.25. இரண்டு இடம், இடத்துக்கு இரண்டு மறுநடவு என்றால் இடைவினை 1 ஆகவும் பிழை 2.5 ஆகவும் குறையும், 4-ஐ 7.5-ஆல் வகுக்க 0.53. கேமராவை மாற்றி இந்த இரட்டிப்பைப் பெற முடியாது. பணம் கொஞ்சம் என்றால் பேச்சிப்பாறைப் பக்கம் ஒன்று, கடலோர மணற்பாங்கில் ஒன்று என்று இரண்டு இடத்தில் நடுவதற்குச் செலவழியுங்கள்.

படத்தின் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. கிழங்கு வடிவத்துக்குக் கண்ணால் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும்போது காலையில் போடும் 3 மாலையில் 4 ஆகிறது. ஆள் மாறினால் இன்னும் மோசம். அந்தப் பிழையைப் படம் குறைக்கும். எண்ணிக்கைக்கு அப்படி ஒரு லாபமும் இல்லை, கையால் எண்ணினாலே சரியாகத்தான் இருக்கும்.

குலசேகரம்_கம்பு

அக்கா, டிஎன்ஏ எடுப்பதில் மரச்சீனிக்குத் தனியாக ஏதாவது தொல்லை உண்டா? நெல்லுக்குச் செய்த அதே முறை போதுமா?

கப்பைக்கணக்கு

நெல் முறையை அப்படியே போட்டால் ட்யூபில் கோந்து மாதிரி ஒன்று வந்து நிற்கும். பால், பாலிஃபீனால், பல்சர்க்கரை மூன்றும் இதில் அதிகம். முழுதாக விரிந்த முற்றிய இலை வேண்டாம். நுனியிலிருந்து விரியத் தொடங்கும் இளம் இலை 100 மில்லிகிராம். உடனே அரைக்க முடியாவிட்டால் சிலிக்கா ஜெல்லில் போட்டு ஒரு நாளில் மொறுமொறுவென்று உலர்த்துங்கள். இலை பழுப்பானால் பாலிஃபீனால் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம், அதைத் தூக்கி எறியுங்கள்.

டிஎன்ஏவைப் பிரிக்கும் சிடாப் கரைசல் 2 சதவீதம், சோடியம் குளோரைடு 1.4 மோலார், பாலிஃபீனாலைப் பிடிக்கும் பிவிபி 2 சதவீதம், மெர்காப்டோஎத்தனால் பயன்படுத்தும் நேரத்தில் சேர்க்க வேண்டும். 65 டிகிரியில் முக்கால் மணி, இடையிடையே கவிழ்த்து ஆட்டவும். குளோரோஃபார்ம்-ஐசோஅமைல் ஆல்கஹால் 24-க்கு 1, மேல்நீர் தெளியாவிட்டால் இரண்டாம் முறையும். ஐசோப்ரொப்பனால் மூன்றில் இரண்டு பங்கு. 260/280 விகிதம் (ஒளி உறிஞ்சலை வைத்துத் தூய்மை பார்க்கும் எண்) 1.8 பக்கம் வந்தால் திருப்திப்பட்டு விடாதீர்கள். 260/230 குறைவாக இருந்தால் பல்சர்க்கரை மிச்சம், வெட்டுநொதி வேலை செய்யாது, வரிசைப்படுத்தலில் அந்த மாதிரிக்குப் பாதி இடம் வெறுமை. அதிக உப்பில் ஒருமுறை மறுபடி வீழ்த்தினால் பெரும்பாலும் சரியாகும்.

தரவு வந்த பின் முதல் வேலை கணிப்பு மாடல் தேர்வதல்ல, அடையாளம் பார்ப்பது. ஒரே குளோனை வேறு வேறு பெயரில் இரண்டு மூன்று முறை வேண்டுமென்றே அனுப்புங்கள். அவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால் தட்டில் குழி மாறியிருக்கிறது. தாய், தகப்பன் மார்க்கரையும் சேர்த்துப் பாருங்கள். இரு பெற்றோரிடமும் இல்லாத அல்லீல் (மரபணுவின் மாற்று வடிவம்) பிள்ளையில் நிறைய இருந்தால் அது அந்தக் கலப்பே அல்ல, தானாகச் சேர்ந்த மகரந்தம் அல்லது மாறிப்போன கம்பு. மரச்சீனியில் கம்பு மாறுவது சர்வசாதாரணம், நட்ட பிறகு எல்லாக் கம்பும் ஒன்று போலத்தானே இருக்கிறது. இந்தத் துப்புரவு முடிந்த பிறகுதான் 80 சதவீதத்துக்குக் குறைவாகப் படிக்கப்பட்ட மார்க்கரையும், கூட்டத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள அல்லீலையும் கழிக்க வேண்டும்.

விளவங்கோடு_விளை

அடுத்து முக்கியமானது. தேர்வு உண்மையிலேயே வேகமாகுமா? வழக்கமான முறையில் கலப்பிலிருந்து ரகம் வரை எட்டுப் பத்து வருடம் ஓடுகிறதே.

கப்பைக்கணக்கு

அந்த வருடங்களைத் தின்பது எது என்று பாருங்கள். ஒரு நாற்றுச்செடியிலிருந்து பத்துக் கம்புதான் கிடைக்கிறது. ஒரு பருவம் 6 மூடு, அடுத்த பருவம் 30, அதற்கடுத்து பல இடச் சோதனை. ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் கொண்டுவந்த குறுங்கம்பு முறையில், இரண்டு கணு வீதம் வெட்டி நாற்றங்காலில் முளைக்க வைத்தால் 1-க்கு 10 என்ற பெருக்கம் 1-க்கு 60 ஆகிறது. மார்க்கருக்கு முன் இதைச் செய்தாலே ஒரு வருடம் மிச்சம்.

மரபணுத்தொகைத் தேர்வு குறைப்பது ரகம் வெளியிடும் காலத்தை அல்ல, பெற்றோரை மறுபடி கலக்கும் காலத்தை. வருடத்துக்கு முன்னேற்றம் என்பது தேர்வின் கடுமை, துல்லியம், மரபு மாறுபாடு மூன்றின் பெருக்கல். அதைச் சுற்றின் வருடங்களால் வகுக்க வேண்டும். மற்ற இரண்டும் சமம் என்று வைத்தால், வயல் சோதனையில் துல்லியம் 0.8, சுற்று 5 வருடம் என்றால் 0.16. மார்க்கரில் துல்லியம் 0.45 மட்டும், ஆனால் சுற்று 2 வருடம் என்றால் 0.225. துல்லியம் 0.3-க்கு இறங்கினால் 0.15, வயலை விடவும் மோசம். அந்த 0.45-ஐக் காப்பாற்றுவதுதான் மேலே அண்ணாச்சி சொன்ன கத்தியும் கம்பும்.

இன்னொன்று. ஆர் என்ற கணினி மொழியில் ஐந்தாக மடித்துச் சோதித்துவிட்டு (குளோன்களை ஐந்து பங்காக்கி, நாலில் கற்று ஐந்தாவதைக் கணிப்பது) 0.6 வந்தது என்று மகிழ்கிறார்கள். அண்ணன் தம்பிகள் இரண்டு பக்கமும் இருப்பதால் வரும் எண் அது. ஒரு குடும்பத்தை முழுதாக வெளியே வைத்துச் சோதியுங்கள். அல்லது முதல் தலைமுறையில் பயிற்றுவித்து அடுத்த தலைமுறையில் பாருங்கள். அந்த எண் தான் உங்களுக்குக் கிடைக்கப்போவது.

பயிற்சிக் கூட்டம் (கணிப்பைக் கற்றுக்கொடுக்க அளந்த குளோன்கள்) 200 என்பது குறைந்த பட்சம். குடும்பங்கள் ஐந்தாறுக்கு மேல் போகாமல் இருந்தால் சமாளிக்கலாம். ஆப்பிரிக்கத் தரவை எடுத்து இங்கே மதிப்பிடலாம் என்ற ஆசை வேண்டாம்: அங்கே 1930-களில் காட்டினமான கிளாசியோவியைக் கலந்ததன் தடம் 1, 4-ஆம் குரோமோசோம்களில் பெரிய துண்டுகளாகக் கிடக்கிறது, மார்க்கருக்கும் குணத்துக்கும் உள்ள இணைப்பு அதனால் வேறு மாதிரி.

குலசேகரம்_கம்பு

குளோனாகவே பெருக்குகிற பயிர்தானே. பெற்றோர் மதிப்பும் குளோன் மதிப்பும் ஒன்றா?

கப்பைக்கணக்கு

இல்லை, நல்ல கேள்வி. மரச்சீனி கடுமையான கலப்பின உயிர் (பல இடங்களில் ஜோடி அல்லீல்கள் வேறு வேறு), தற்சேர்க்கை செய்தால் நலிந்துவிடும். ஆகவே ஓங்குதன்மையின் (ஜோடியில் ஒரு அல்லீல் மற்றதை அமுக்குவது) பங்கு கிழங்கு விளைச்சலில் பெரிது. பெற்றோரைத் தேர்ந்தெடுக்கக் கூட்டல் மதிப்பை (பிள்ளைகளுக்குக் கடத்தும் பங்கை) பாருங்கள், ரகமாக விடப்போகும் குளோனுக்கு மொத்த மதிப்பைப் பாருங்கள். ஒரே பட்டியலில் இரண்டையும் எடுத்தால் ஒன்றில் ஏமாறுவீர்கள். உலர்பொருள், மஞ்சள் சதை போன்றவை பெரும்பாலும் கூட்டல்.

செங்கோட்டை_சீனி

இரண்டு வருடச் சுற்று என்று எழுதுவது சுலபம். பூக்க வேண்டாமா? கிளை பிரிகிற இடத்தில்தான் மரச்சீனி பூக்கும். நேரே நிமிர்ந்து போகிற குளோன் தாமதமாகப் பூக்கும், இல்லையென்றால் பூக்கவே பூக்காது. விவசாயி கேட்பதோ கிளைக்காததை. ஒரே கொத்தில் பெண்பூ முந்தி விரியும், ஆண்பூ பத்து, பதினான்கு நாள் பிந்தி. ஒரு காயில் அதிகபட்சம் மூன்று விதை. காய் முற்றினால் வெடித்துத் தெறிக்கும், துணிப்பை கட்டாவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. மார்க்கர் பட்டியலில் முதலாவதாக நிற்கும் குளோன் பூக்காமல் நின்றால் உங்கள் 2 வருடம் எங்கே போகும்?

கப்பைக்கணக்கு

அண்ணாச்சி சொல்வது மெய்யான தடை. இரவில் சிவப்பு வெளிச்சம் கொடுத்துப் பகல்நேரத்தை நீட்டுவதும், முதல் கிளை பிரியும்போது இளங்கிளைகளைக் கிள்ளிவிடுவதும், பென்சைல் அடினைன், வெள்ளித் தயோசல்பேட்டு என்ற மருந்துகளை நுனியில் கொடுப்பதும் பூவைக் கூட்டுகின்றன. வெள்ளித் தயோசல்பேட்டு அளவு மீறினால் இலை கருகும். ஆனால் எளிய வழி: பட்டியலில் முதல் ஐந்தை மட்டும் நம்பாமல் முதல் இருபதைக் கலப்புத் தோட்டத்தில் நடுங்கள். பூத்தவற்றில் மேலானதைக் கலக்கிறீர்கள்.

விளவங்கோடு_விளை

தேமலுக்குத் தனி மார்க்கர் போதுமா, அல்லது அதையும் மொத்தக் கணக்கில் விடுவதா?

கப்பைக்கணக்கு

12-ஆம் குரோமோசோமில் உள்ள சிஎம்டி2 தேமல் எதிர்ப்பில் பெரிய விளைவு உள்ள மரபணு இடம். டிஎன்ஏ பாலிமரேஸ் டெல்டாவின் ஒரு துணையலகில் உள்ள மாற்றம்தான் காரணம் என்று 2022-இல் காட்டப்பட்டது. நாற்றாக இருக்கும்போதே மார்க்கர் பார்த்து, இல்லாதவற்றைப் பிடுங்கி எறியலாம். வயல் இடம் பாதி மிச்சமாகும். ஆனால் பெற்றோரில் ஒன்று சிஎம்டி2 உள்ள நைஜீரிய வழியிலிருந்து வந்திருந்தால்தான் இது பொருந்தும். நைஜீரிய வழிவந்த பெற்றோர் இல்லாத குடும்பத்தில் இந்த மார்க்கர் எதையும் சொல்லாது. நம்மிடம் உள்ள வைரஸ் இந்திய, இலங்கை இனங்கள் இரண்டும். ஆகவே மார்க்கர் பார்த்தாலும் வயல் மதிப்பெண்ணை நிறுத்தாதீர்கள். ஒரு எச்சரிக்கை: சிஎம்டி2 செடியை உடற்கரு வழித் திசு வளர்ப்புக்கு (உடல் செல்லிலிருந்து கரு உண்டாக்கிச் செடி எடுப்பது) உட்படுத்தினால் எதிர்ப்பு போய்விடுகிறது. நுனிவளர்ச்சி வழி பெருக்கினால் அந்தச் சிக்கல் இல்லை.

படவேர்

படம் எதைச் சொல்லாது என்பதையும் எழுதிவிடுகிறேன். உலர்பொருளைச் சொல்லாது. அதற்குத் தண்ணீர் எடை. 5 கிலோ கிழங்கைக் காற்றில் எடை போட்டு, கம்பிக்கூடையில் வைத்துத் தண்ணீருக்குள் எடை போடணும். காற்றில் எடையை, இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் ஒப்படர்த்தி. அதை 158.3-ஆல் பெருக்கி 142 கழித்தால் உலர்பொருள் சதவீதம். தண்ணீரில் 500 கிராம் காட்டினால் ஒப்படர்த்தி 1.111, உலர்பொருள் 33.9. அதே தராசு 450 காட்டினால் 32-க்கு இறங்கும். 50 கிராம் பிசகுக்கு 2 புள்ளி! கூடையின் எடையைக் கழிக்காமல் விடுவதும், கிழங்கில் மண் ஒட்டியிருப்பதும், கூடை தொட்டிச் சுவரில் உரசுவதும்தான் அந்த 50 கிராம்.

அவியும் தரத்துக்குக் குறுக்குவழி கிடையாது. ஒரே அளவுத் துண்டு, கொதிக்கும் நீரில் போட்ட நேரத்திலிருந்து எண்ணி, எம்-4-ஐயும் அதே பானையில் அல்லாமல் அதே அடுப்பில் பக்கத்துப் பானையில் வைத்து, ருசி பார்க்கிறவருக்குப் பெயர் சொல்லாமல் கொடுங்கள். மழை பெய்து இளந்தளிர் விட்ட பிறகு பிடுங்கினால் எம்-4 கூட வேகாது. மாவு கரைந்து மேலே போயிருக்கும். எல்லாக் குளோனையும் ஒரே வாரத்தில், மழைக்கு முன் பிடுங்குவது இதற்காகவும்தான்.

செங்கோட்டை_சீனி

அதுக்கு நானும் கை தூக்குறேன். படம், தண்ணீர் எடை, அவியல் மூன்றும் பிடுங்கிய அன்றைக்கே நடக்கணும். மறுநாள் கிழங்குக்குள் நீலக்கோடு ஓட ஆரம்பிச்சுடும், மூணாம் நாள் வெட்டினால் பழுப்பு. அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை குளோன் முடியும்?

படவேர்

நாலு பேர் இருந்தால்: ஒருவர் பிடுங்க, ஒருவர் கழுவி உலர்த்த, ஒருவர் பலகையில் பரப்பிப் படம் எடுக்க, ஒருவர் எடைக்கு. நெரிசல் ஆவது தண்ணீர் எடையில்தான், படத்தில் அல்ல. ஆகையால் இரண்டு தொட்டி வையுங்கள். மறுநடவு ஒன்றை முழுதாக ஒரே நாளில் முடிக்கணும். முடியாவிட்டால் அந்த மறுநடவுக்குள்ளேயே பிளாக் (சிறு பகுதி) போட்டு, ஒரு பிளாக் ஒரு நாள். முதல் நாள் பாதி, இரண்டாம் நாள் மீதி என்று வரிசையாகப் போனால் மழை, மண் ஈரம், ஆள் சோர்வு எல்லாம் குளோன் வித்தியாசமாக எழுதப்பட்டுவிடும்.

கிழங்கு உடைந்து மண்ணுக்குள் நின்றுவிட்டால் தோண்டி எடுத்து அதே மூட்டோடு சேருங்கள். கிடைக்காவிட்டால் "உடைந்தது" என்று எண்ணி எழுதுங்கள். கல் நிலத்தில் நீளக் கிழங்குக் குளோன்கள்தான் அதிகம் உடையும், ஆகவே விட்டுவிட்டால் நீளத்துக்கு எதிராகவே தரவு சாயும். எது கிழங்கு, எது வெறும் வேர் என்பதற்கும் ஒரு கோடு: நடுவிட்டம் 2 செ.மீ.க்கு மேல் என்றால் கிழங்கு. முதல் நாளிலேயே முடிவு செய்து கடைசி வரை மாற்றக்கூடாது.

விளவங்கோடு_விளை

சீட்டு எப்படி? கோப்புப் பெயரை மாற்றி எழுதினால் போதுமா?

படவேர்

போதாது. கோப்புப் பெயர் கேமராவிலிருந்து கணினிக்குப் போகும் வழியில் மாறும். சீட்டு படத்துக்குள்ளேயே இருக்கணும்: க்யூஆர் சதுரமும், பக்கத்தில் கண்ணால் படிக்கும் பெரிய எழுத்தில் இடம், மறுநடவு, பிளாட் எண்ணும். குளோன் பெயரைச் சீட்டில் போடாதீர்கள், அளப்பவர் கையை அது இழுக்கும். தாள் நனையும், லேமினேட் செய்தால் மினுங்கி க்யூஆர் படிக்காது. மங்கலான பிளாஸ்டிக் தகட்டில் அச்சடித்து நடும்போதே மூட்டில் கட்டிவிட்டால், இலை எடுக்கும்போதும் அதே சீட்டு, படத்திலும் அதே சீட்டு.